ஞாயிறு வட்டத்தில் சொன்னது

தருமபுரி
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுகுணா அக்காவுக்கு,

அன்ஜும் எழுதுகிறேன். நான் கடைசியாகக் கையால் எழுதியது பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர். வேறு வழி வைக்கவில்லை நீங்கள். ஃபோன் அடித்தால் போகவில்லை. யோகா குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள். உரக்கடைக்குப் போய் உங்கள் வீட்டுக்காரர் மாதவராஜ் அண்ணனைக் கேட்டேன். "மொரப்பூர்ல மக வூட்டுல இருக்கா. எங்கிட்டயே சரியாப் பேச மாட்டேங்கறா. நீங்க வேணா கடுதாசி போட்டுப் பாருங்க" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னார், நான் போட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ராஜாமணி அக்காவின் இடது காலில் கல் குத்திய புண் ஆறவே இல்லை. சுகர் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. டாக்டர் விசாரித்ததில், சித்திரை மாதத்திலிருந்தே மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்றால், "எங்க யோகா கிளாஸ்ல சுகுணா நிறுத்திட்டாங்க, நல்லாத்தான இருக்காங்க" என்று சொல்லியிருக்கிறார். மகன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு பென்னாகரத்தில் தன் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தே ஆசனம் செய்து சரிப்படுத்திக்கொள்வேன் என்று பிடிவாதம்.

அக்கா, நம் ஞாயிறு வட்டத்தில் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வகுப்பு முடிந்து எல்லோரும் சுக்குமல்லிக் காபியோடு வட்டமாக உட்கார்ந்து, உடம்பில் என்ன மாற்றம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வோமே, அதில் சொன்னீர்கள். சுகர் நார்மல், மாத்திரையையே விட்டுவிட்டேன் என்று. எல்லோரும் கைதட்டினோம். உங்கள் டாக்டர் சொல்லித்தானே விட்டீர்கள்? எப்படிப் படிப்படியாகக் குறைத்தார், என்னென்ன டெஸ்ட் எடுத்தார் என்று ராஜாமணி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். உங்களைத்தான் நம்புகிறார்.

அவர் மகன் கால் படத்தை குரூப்பில் போட்ட அன்று மாலையே நீங்கள் வெளியேறினீர்கள். தற்செயல் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அன்புடன்,
அன்ஜும்


மொரப்பூர்
9 ஆகஸ்ட் 2025

அன்ஜும் மிஸ்ஸுக்கு,

கடிதம் வந்தது. மகளுக்கு இது எட்டாம் மாதம். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. குரூப்பில் காலை வணக்கமும் பூப்படமும் தாங்க முடியாமல் வெளியே வந்தேன். அதற்கெல்லாமா கணக்கு வைப்பீர்கள்?

ராஜாமணி அக்காவுக்கு இப்படி ஆனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், நான் யாரையாவது மாத்திரையை நிறுத்து என்று சொன்னேனா? என் உடம்பைப் பற்றி நான் சொன்னேன். அதுவும் நானாகச் சொல்லவில்லை. வாரா வாரம் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்து, உங்களுக்கு என்ன மாற்றம், உங்களுக்கு என்ன மாற்றம் என்று கேட்டது யார்? ஒருத்திக்கு முதுகுவலி போயிற்று, ஒருத்திக்குத் தூக்கம் வந்தது, ஒருத்திக்கு மாமியாரோடு சண்டையே நின்றுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். எத்தனை வாரம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

சொன்னதை அதோடு விட்டீர்களா? மாடிப்படிக்குக் கீழே என் படத்தைப் போட்டு, "சர்க்கரையை வென்றவர்" என்று ஃப்ளெக்ஸ் அடித்தீர்கள். காய் வாங்க வந்தவர்கள்கூட நின்று படித்தார்கள். என்னைக் கேட்டா அடித்தீர்கள்?

அவரை டாக்டர் சொல்கிறபடி கேட்கச் சொல்லுங்கள். என்னை இதில் இழுக்க வேண்டாம்.

சுகுணா


தருமபுரி
13 ஆகஸ்ட் 2025

சுகுணா அக்கா,

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயம். உங்களிடம் கேட்காமல்தான் அடித்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றே கழற்றிவிட்டேன். என் அத்தா கீழே தன் துணிக்கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்மா, நல்லாத்தானே இருந்தது" என்றார். சுருட்டி உள்ளே எடுத்துப் போனேன்.

நேற்று பென்னாகரம் போய்விட்டு வந்தேன். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்துவிட்டது. அறைக்குள் நுழைந்ததும் வாடை அடித்தது. அதையும் வைத்துக்கொண்டு ராஜாமணி அக்கா என்னைப் பார்த்து வெட்கப்படுகிறார். "நான்தாங்க ஒழுங்கா செய்யல. மகன் வூட்டுல பேரனுக்கு வாங்குன மைசூர்பாகுல ரெண்டு துண்டு தின்னுட்டேன். அதான் எனக்கு மட்டும் பலிக்கல" என்கிறார். தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிறார், அக்கா. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "சுகுணா மொதல்ல எப்படி இருந்தாங்க? கதவோரம் ஒண்டிக்கிட்டு, ஒரு வார்த்த பேசாம. அப்புறம் எப்படி ஆனாங்க? ஒகேனக்கல் போனப்போ பஸ்ல எம்பக்கத்துல உக்காந்து என்னா சிரிப்பு சிரிச்சாங்க! நான் கண்ணால பாத்தவ. அது பொய்யா?" என்று கேட்கிறார்.

அந்த விரல் இனித் தப்பாது. சுகரைக் குறைத்தால்தான் கத்தி வைக்க முடியும், தள்ளிப்போட்டால் பாதமே போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். நீங்கள் சுகர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இல்லையா?

அன்ஜும்


மொரப்பூர்
18 ஆகஸ்ட் 2025

அன்ஜும் மிஸ்ஸுக்கு,

சாப்பிடுகிறேன். ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை. இன்று காலையும் போட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். உங்களிடம் மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குச் சிறுநீர் நிற்காது. இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால், கொஞ்சம் பலமாகச் சிரித்தால் போய்விடும். டாக்டரிடம் போகவில்லை. இதைப் போய் எந்த வாயால் சொல்வது? அவருக்கும் தெரியாது. கட்டிய புருஷனுக்கே தெரியாமல் இத்தனை வருஷம் துணி மாற்றி, துணி மறைத்து, வெயில் வரும் முன்னே துவைத்துப் போட்டு ஓட்டியிருக்கிறேன்.

முன்பு ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தொண்டை கெட்டுப்போய் வேலையை விட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. காலைப் பிரேயரில் நிற்கும்போது ஒரு தும்மல் வந்தது. முன்வரிசையில் இருந்த குழந்தை, "மிஸ், தண்ணி கொட்டிடுச்சு" என்றது. அது நல்ல மனசோடுதான் சொன்னது. அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

உங்கள் வகுப்புக்கு வந்ததுகூட முட்டிவலிக்கு என்று சொல்லித்தான். கதவோரம் உட்கார்ந்தேன், சட்டென்று எழுந்து போக வசதி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த இடத்தை எனக்கென்றே விட்டுவைத்தார்கள். ராஜாமணி அக்கா தன் பாயோடு என் பாயையும் விரித்து வைத்திருப்பார். அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நீங்கள் இடுப்புக்குக் கீழே தசையைச் சுருக்கி விடச் சொல்லிக் கொடுத்தீர்களே, மூலபந்தம். அதை ஒருநாள் விடாமல் செய்தேன். சமைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடச் செய்தேன். மெதுவாக நின்றது, மிஸ். ஒருநாள் நன்றாகத் தும்மிவிட்டு அப்படியே சிலை மாதிரி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. குளியலறைக்குள் போய் அழுதேன்.

முன்பெல்லாம் வெளியூர் போவதென்றால் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். ஒகேனக்கல் போனபோது வழியெல்லாம் இளநீர், மோர், கரும்புச்சாறு. ராஜாமணி அக்கா ஏதோ சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் பார்த்தது பொய் இல்லை.

அடுத்த ஞாயிறு வட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்தீர்கள். "சுகுணா, மொகமே மாறிப்போச்சு, என்னா ரகசியம், சொல்லுங்க" என்று அவர்தான் கேட்டார். சொல்ல எனக்கு ஆசை. சத்தியமாக ஆசை. வாயைத் திறந்தேன், சுகர் என்று வந்துவிட்டது. சுகர் என்றால் யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். கைதட்டிய பிறகு எப்படித் திருப்பி வாங்குவது?

நான் மாத்திரை போடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதைச் சொல்ல வேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

சுகுணா


தருமபுரி
22 ஆகஸ்ட் 2025

சுகுணா அக்கா,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

நேற்று மறுபடி பென்னாகரம் போனேன். சுகுணா அக்கா மாத்திரையை நிறுத்தவே இல்லை என்று சொன்னேன். ராஜாமணி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போர்டக் கழட்டிட்டீங்களாமே. ஏதாவது கேஸாயிடும்னு பயந்துக்கிட்டு இப்ப மாத்திப் பேசறீங்க" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "மாத்திர போட்டுத்தான் சுகுணாவுக்கு அந்த மொகம் வந்துச்சுன்னா, நானும் எத்தன வருசம் போட்டேன், எனக்கு ஏன் வரல?"

பதில் எனக்குத் தெரியும். சொல்ல எனக்கு உரிமை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது என் பங்கையும் கேளுங்கள். உங்கள் விஷயம் எனக்கு நீங்கள் வந்த சில நாளிலேயே தெரியும். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பாயைச் சுருட்டி மூலையில் வைப்பார்கள், நீங்கள் மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள். பையில் எப்போதும் மாற்றுப் பாவாடை. அதனால்தான் அந்த வாரம் வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்வது போல மூலபந்தம் சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கு வெட்கம் வராமல் உதவிவிட்டோம் என்று எனக்குள்ளே ஒரு பெருமை. தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இது ரொம்பப் பேருக்கு இருக்கிறதுதான், ஒரு தடவை டாக்டரையும் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் கூசியது. யோகா டீச்சர் என்று போர்டு வைத்திருக்கிறேன், உடம்பில் ஒரு பாகத்தைப் பேர் சொல்லிப் பேசத் தெரியவில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. நீங்கள் சுகர் என்று சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு சந்தேகம் தட்டியது. மாறியது எது என்று எனக்குத்தான் தெரியுமே. ஆனாலும் கேட்கவில்லை. சிறுநீர் நின்றது என்று ஃப்ளெக்ஸ் அடிக்க முடியாது, சர்க்கரை நின்றது என்று அடிக்கலாம். அடித்தேன். ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். நீங்கள் வெட்கத்தால் பொய் சொன்னீர்கள். நான் அதை வைத்து வகுப்பை நிரப்பினேன்.

உங்களைக் குடைந்து கேட்டு எழுதிய முதல் இரண்டு கடிதங்களையும் நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நீங்களே போய்ச் சொன்னால் ஒழிய அவர் ஊசிக்குக் கையை நீட்ட மாட்டார். ஒவ்வொரு நாளும் அந்தக் கறுப்பு மேலே ஏறுகிறது.

அன்ஜும்


தருமபுரி
30 ஆகஸ்ட் 2025, சனிக்கிழமை

அன்ஜும் மிஸ்ஸுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் யோகா ஸ்டுடியோ கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். நீங்கள் உள்ளே மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் குரல் கேட்கிறது. கதவைத் தட்டத் தைரியம் இல்லை.

உங்கள் கடிதம் வந்தும் நான்கைந்து நாள் கிடந்தேன். மகளுக்குக் கால் வீக்கம், மழை, பஸ் இல்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பஸ் இருந்தது. இன்று காலை மொரப்பூரில் ஏறி, தருமபுரியில் மாறி, பென்னாகரம் போனேன்.

ராஜாமணி அக்கா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க சுகுணா, பாருங்க என் பவுச" என்று எழுந்து உட்காரப் பார்த்தார். எனக்கு உட்காரக் கட்டிலில் இடம் ஒதுக்கினார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். தும்மலை, பிரேயரை, பாவாடையை, ஒகேனக்கல் சிரிப்பை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகன் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் அழுவார், அல்லது அய்யோ பாவம் என்பார் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது. அவர் ரொம்ப நேரம் தன் காலையே பார்த்தார்.

"உங்க வெக்கத்த மறைக்க என் காலுதான் கெடச்சுதா?" என்றார்.

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா நான் யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறேன்? உங்க பாயையே தெனம் விரிச்சவ நானு" என்றார். அப்புறம் குரல் உயர்ந்தது. "மாத்திரய நிறுத்துன கேணச்சின்னு அந்தப் பொம்பளைங்க என்னைப் பேசறாங்களாம். எம்மருமவளே சொல்லிச் சிரிக்கறா. அத்தன பேரு முன்னால பொய் சொன்னீங்க இல்ல, அத்தன பேரு முன்னால நெசத்தச் சொல்லுங்க. என் காதால கேக்கணும். கேட்டுட்டு ஊசிக்குக் கைய நீட்டறேன்."

மகன், "ஆத்தா, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கெஞ்சினார். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாளை ஞாயிறு. வட்டத்துக்கு வருகிறேன். அவருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். என் பக்கத்தில் உட்காராதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அழுதுவிடுவேன், அழுதால் எல்லோரும் என்னைத் தேற்ற வந்துவிடுவார்கள். தேற்றப்பட வேண்டியவள் நான் இல்லை.

சுகுணா


தருமபுரி
5 செப்டம்பர் 2025

அன்புள்ள சுகுணா அக்காவுக்கு,

சொல்லி முடித்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஃபோனில் ராஜாமணி அக்கா மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. "கேட்டுச்சு" என்றார். வைத்துவிட்டார். அவர் மகன் அப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். அன்றே ஊசி போட்டார்கள். நேற்று விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதமும் போயிருக்கும் என்றார்களாம்.

நான் போய்ப் பார்த்தேன். "சுகுணாகிட்டச் சொல்லுங்க, நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். மாத்திர போடறேன், அதுக்காகக் கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்க வேணாம்" என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

வட்டத்தில் நீங்கள் போன பிறகு ஜானகியம்மாள் காபி டம்ளர்களை எடுத்துக் கழுவப் போனார். ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். நான் எழுந்து, ஃப்ளெக்ஸில் போட்டது என் தப்பு, மருந்து விஷயத்தில் இந்த வட்டத்தில் யாரும் யாருக்கும் டாக்டர் இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களைக் காயப்படுத்திவிட்டார்களோ, இனி அந்த அறையே அவ்வளவுதானோ என்று பயந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருத்தர் திரும்பி வந்தார். கதவைச் சாத்திவிட்டு, "சுகுணா செஞ்சாங்களே, அது எப்படிங்க, எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க. யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றார். செவ்வாய்க்கிழமை இன்னொருத்தர், அதே கதவு, அதே வார்த்தை. புதன்கிழமை வந்தவர் உங்களுக்கு ரொம்ப வேண்டியவர். பேர் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். எல்லோரையும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இப்படி ஒவ்வொருத்தராகக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதினொரு மணிக்கு இதற்கென்றே ஒரு வகுப்பு வைக்கலாம் என்று நினைக்கிறேன். நான் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். வருகிறவர்கள் எட்டிப் பார்க்கும்போது அறையில் ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும், தனக்கு இது இருக்கிறது என்று மறைக்காமல். வருவீர்களா?

அன்ஜும்


மொரப்பூர்
9 செப்டம்பர் 2025

அன்ஜும் மிஸ்ஸுக்கு,

வருகிறேன். மகளின் மாமியார் வந்துவிட்டார், அவளைப் பார்த்துக்கொள்வார். மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகு அவளாவது வாயைத் திறந்து டாக்டரிடம் கேட்கட்டும். என் வீட்டுக்காரரிடமும் ஃபோனில் சொல்லிவிட்டேன்.  "அதுக்காடி அந்த நல்ல வேலைய வுட்ட?" என்றார். 

நான் நல்லவளாகிவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை, மிஸ். நீங்கள் முதல் கடிதம் போட்ட அன்றே நான் பஸ் ஏறியிருந்தால் அந்த விரல் அவர் காலில் இருந்திருக்கலாம். எத்தனை பேர் என்னால் வந்து கற்றுக்கொண்டாலும் அது திரும்பி வராது. நடக்கும்போதெல்லாம் அவருக்கு என் நினைவு வரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் வகுப்புக்குத் திரும்பி வருகிற அன்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் மாடிப்படி செங்குத்து, கைப்பிடியும் கிடையாது. ஒன்பது விரலோடு ஏறுவது கஷ்டம். நான் கீழே நிற்கிறேன். என் கையைப் பிடிக்கிறாரோ, தட்டிவிடுகிறாரோ, அது அவர் இஷ்டம்.

சுகுணா